வெளியேறும் உரிமை யாருக்கு? ஜேலன் ஹர்ட்ஸும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தும்

2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடைபெற்ற சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி, கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியை 40–22 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது. ஆட்டத்தின் சிறந்த வீரராக ஈகிள்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரை ஒட்டிய பகுதியில் வளர்ந்த கறுப்பின இளைஞர் அவர். கல்லூரிக் காலத்தில், நாடே பார்த்துக்கொண்டிருந்த ஓர் இறுதிப் போட்டியின் நடுவில் களத்திலிருந்து விலக்கி அமர வைக்கப்பட்டவர். பின்னர் வேறொரு பல்கலைக்கழகத்திற்கு மாறிச் சென்று தம்மை நிலைநாட்டிக்கொண்டவர்.

அமெரிக்க ஊடகங்கள் இந்த வாழ்க்கையைப் பெரும்பாலும் பொறுமையின் கதையாகவே சொல்கின்றன. அவமானத்தை விழுங்கிக்கொண்டார், முணுமுணுக்காமல் உழைத்தார், உரிய காலத்தில் உயர்ந்தார் என்பது அக்கதையின் சாரம். ஹர்ட்ஸின் மன உறுதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், ஒடுக்கப்பட்டவரின் பொறுமையைப் போற்றும் கதைகளை நாம் சற்று விலகி நின்றே கேட்க வேண்டியுள்ளது. அலபாமாவை விட்டு வெளியேறிய அவர், அடுத்த பருவத்திலேயே ஓக்லஹோமாவுக்காக ஆட முடிந்தது எப்படி? அவரைப் போலவே மாற விரும்பிய பிற மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏன் மறுக்கப்பட்டது? இக்கேள்விகளைத் தொடர்ந்து சென்றால், ஒரு வீரரின் வெற்றிக் கதைக்குள் உழைப்பவரின் வெளியேறும் உரிமை குறித்த நீண்ட சட்டப் போராட்டம் ஒன்று இருப்பதைக் காணலாம்.

சிந்திப்பவரின் இடம்

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அன்று. பதினொருவர் கொண்ட அணி, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்க வேண்டும். ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலில் கையில் வாங்குபவர் குவார்ட்டர்பேக். எதிரணி நிற்கும் விதத்தைப் படித்து, யாரிடம் எறிவது, எப்போது எறிவது, தாமே ஓடுவதா என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்பவர் அவர். அணியின் மூளை என்று அந்த இடம் கருதப்படுகிறது.

அதனாலேயே அந்த இடம் நெடுங்காலம் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய கறுப்பின மாணவர்கள் கல்லூரிக்கு வந்ததும் பந்தைப் பிடிப்பவராகவோ, தடுப்பாட்டக்காரராகவோ மாற்றப்பட்டனர். ஓட்டமும் உடல் வலிமையும் அவர்களுக்கு, முடிவெடுக்கும் பொறுப்பு வெள்ளையருக்கு என்பதே எழுதப்படாத விதி. ஆடுகளத்தின் மையமான இடங்களில் வெள்ளையரும் ஓரங்களில் கறுப்பினத்தவரும் குவிக்கப்படுவதை ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்னும் ஆய்வாளர்கள் 1970இலேயே எடுத்துக்காட்டினர்.

மார்லின் பிரிஸ்கோ 1968இல் டென்வர் அணியின் குவார்ட்டர்பேக்காகத் திறம்பட ஆடினார். அடுத்த ஆண்டே அந்த இடம் அவருக்கு மறுக்கப்பட்டது. பஃபலோ அணிக்குச் சென்று பந்து பிடிப்பவராகவே அவர் தொடர வேண்டியிருந்தது. வாரன் மூன் ஓர் ஈராண்டுக் கல்லூரியிலிருந்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற்கு மாறியவர். 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் போட்டியை வென்று சிறந்த வீரர் விருதும் பெற்றார். அவ்வாண்டு அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் வீரர் தேர்வில் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கனடா சென்றார். எட்மன்டன் அணியோடு 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து முறை அந்நாட்டின் கிரே கோப்பையை வென்றார். அதன் பிறகே 1984இல் ஹூஸ்டன் அணி அவரை அழைத்தது. 2006இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழரங்கில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் அவரே. இவையெல்லாம் பழங்கதை என்று சொல்லிவிடவும் முடியாது. 2018இல் லமார் ஜாக்சன் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபோது, அவர் பந்து பிடிப்பவராக மாற வேண்டும் என முன்னாள் அணி நிர்வாகி ஒருவர் வெளிப்படையாகவே கூறினார். மறு ஆண்டே ஜாக்சன் குவார்ட்டர்பேக்காகவே லீகின் மிக மதிப்புமிக்க வீரராக ஒருமனதாகத் தேர்வானார்.

வேலைகளைப் பகிர்ந்துகொள்வதற்கும், வேலை செய்யும் மனிதர்களையே பிறப்பின் அடிப்படையில் அடுக்கிவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை 1936இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். இனமும் சாதியும் ஒன்றல்ல; இரண்டின் வரலாறும் சட்டமும் வேறு வேறு. எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டிய தேவையை உணர்ந்தே 1946இல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த மரபில் நின்றே நாம் இந்த ஆடுகளத்தையும் பார்க்கிறோம்.

அலபாமாவில் மூன்று ஆண்டுகள்

ஹர்ட்ஸ் சேர்ந்த பல்கலைக்கழகத்தின் வரலாற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1956இல் ஆத்தரின் லூசி என்னும் கறுப்பின மாணவி அலபாமா பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைத்தார். வெள்ளையர் கூட்டம் கலவரத்தில் இறங்கியது. நிர்வாகமோ கலவரக்காரர்களை விட்டுவிட்டு லூசியை வெளியேற்றியது. 1963 ஜூன் 11 அன்று விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்னும் இரு கறுப்பின மாணவர்களைத் தடுக்க மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் நின்றார். கூட்டாட்சி அரசின் ஆணை வந்த பிறகே விலகினார். 1970களின் தொடக்கம்வரை அந்தக் கால்பந்து அணியில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடியதில்லை.

அந்த அணியில் 2016இல், கல்லூரியின் முதலாண்டிலேயே, ஹர்ட்ஸ் குவார்ட்டர்பேக் பொறுப்பை ஏற்றார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே எந்த முதலாண்டு மாணவருக்கும் கிட்டாத வாய்ப்பு அது. அணியைத் தேசிய இறுதிப் போட்டிவரை கொண்டுசென்று, கிளெம்சன் அணியிடம் 35–31 எனத் தோற்றார். அடுத்த ஆண்டும் இறுதிப் போட்டி. 2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில் ஜார்ஜியா அணிக்கு எதிராக, இடைவேளையின்போது அலபாமா 0–13 எனப் பின்தங்கியிருந்தது. தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் ஹர்ட்ஸை அமர வைத்துவிட்டு டுவா டகோவைலோவா என்னும் முதலாண்டு மாணவரைக் களமிறக்கினார். அலபாமா 26–23 என வென்றது. அந்த ஆட்டம் முடிந்தபோது, முதன்மைக் குவார்ட்டர்பேக்காக ஹர்ட்ஸ் களமிறங்கிய 28 போட்டிகளில் அலபாமா 26இல் வென்றிருந்தது.

இந்த மாற்றத்தை இனப்பாகுபாடு என்று நாம் கூறவில்லை. டுவா ஹவாயில் பிறந்த, சமோவா வம்சாவளியினர். ஆட்டத்தை வெல்லப் பயிற்சியாளர் எடுத்த முடிவு அது, வெற்றியும் கிட்டியது. நம் கேள்வி அதற்குப் பிந்தையது: இடம் பறிபோன மாணவருக்கு அடுத்து என்ன வழி?

ஹர்ட்ஸ் 2018 பருவம் முழுவதும் மாற்று வீரராக அலபாமாவிலேயே இருந்தார். 2018 டிசம்பர் 1 அன்று, அதே அட்லாண்டா அரங்கில், அதே ஜார்ஜியா அணிக்கு எதிராக, தென்கிழக்கு மண்டல இறுதிப் போட்டி. டுவா காயமடைந்து வெளியேற, 21–28 எனப் பின்தங்கிய நிலையில் ஹர்ட்ஸ் உள்ளே வந்தார். ஒரு எறிதலால் ஆட்டத்தைச் சமன் செய்தார். பின்னர் தாமே பந்தோடு ஓடி 35–28 என முடித்துவைத்தார். அந்த மாதமே பட்டமும் பெற்றார்.

அதே பருவத்தில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் கெல்லி பிரையன்ட் என்னும் கறுப்பினக் குவார்ட்டர்பேக்கும் ஒரு முதலாண்டு மாணவருக்காக இடம் இழந்தார். நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவரின் ஓராண்டுத் தகுதி வீணாகாது என்ற புதிய விதி அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. பிரையன்ட் நான்கு ஆட்டங்களோடு விலகி, பின்னர் மிசௌரிக்கு மாறினார். தோழர்களைக் கைவிட்டவர் என்ற பழி அவர்மீது விழுந்தது. காத்திருந்த ஹர்ட்ஸ் முன்மாதிரியானார், விதி அனுமதித்ததைச் செய்த பிரையன்ட் ஓடிப்போனவரானார். ஒருவரின் உரிமையை அவருடைய குணத்தைக் கொண்டு அளக்கும் இந்தப் பழக்கம் நமக்குப் புதியதன்று.

பட்டமே விடுவித்தது

2019 ஜனவரியில் ஹர்ட்ஸ் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்திற்கு மாறுவதாக அறிவித்தார். அப்பருவத்தில் 3,851 கெஜம் எறிந்தும் 1,298 கெஜம் ஓடியும், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்ற ஜோ பர்ரோவும் ஒகையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து எல்.எஸ்.யு.வுக்கு மாறியவரே. இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இருவரும் பட்டம் முடித்துவிட்டு மாறியவர்கள்.

அன்றைய விதி இதுதான். என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கீழ், கால்பந்து, ஆண்கள் மற்றும் பெண்கள் கூடைப்பந்து, பேஸ்பால், ஆண்கள் பனி ஹாக்கி ஆகிய ஐந்து விளையாட்டுகளில் பல்கலைக்கழகம் மாறும் மாணவர் ஓராண்டு ஆடாமல் அமர்ந்திருக்க வேண்டும். மற்ற விளையாட்டுகளில் ஒருமுறை தடையின்றி மாறலாம். பட்டம் முடித்தவருக்கு விலக்கு உண்டு. மூன்றே ஆண்டுகளில் பட்டத்தை முடித்ததால் ஹர்ட்ஸ் அந்த விலக்கின் வழியே வெளியேறினார். முடிக்காதிருந்தால் 2019 பருவத்தை அவர் பார்வையாளராகக் கழித்திருப்பார்.

எந்த விளையாட்டுகளில் தடை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நீச்சல் வீரர் மாறலாம், டென்னிஸ் வீரர் மாறலாம். பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் வருவாய் ஈட்டித்தரும் கால்பந்திலும் ஆண்கள் கூடைப்பந்திலும் மாறக்கூடாது. கறுப்பின மாணவர்கள் மிகுதியாக ஆடுவதும் அவ்விரண்டிலேயே. விதியின் வாசகத்தில் இனம் பற்றிய சொல் எதுவும் இல்லை. வெள்ளையின வீரரான பேக்கர் மேஃபீல்டையும் அது கட்டிப்போட்டது. டெக்சஸ் டெக் அணியில் உதவித்தொகையே இல்லாமல் ஆடியவர் அவர். ஆயினும் ஓக்லஹோமாவுக்கு மாறியபோது 2014 பருவத்தை முழுமையாக இழந்தார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அதன் சுமை யார் தோளில் அதிகம் இறங்குகிறது என்று பார்ப்பதே சமத்துவச் சட்டவியலின் முதல் பாடம்.

ஓராண்டுத் தடையோடு அது முடியவில்லை. 2018 அக்டோபர்வரை, வேறு பல்கலைக்கழகத்தோடு பேசி உதவித்தொகை பெறுவதற்கே மாணவர் தம் பல்கலைக்கழகத்தின் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. எந்தெந்த அணிகளுக்குப் போகக் கூடாது என்று பயிற்சியாளர் பட்டியலிடவும் முடிந்தது. மாற்றுச் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு அலைக்கழிக்கும் நிர்வாகங்களை அறிந்த நம் மாணவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2018 அக்டோபர் 15 முதல் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ எனப்படும் இடமாற்றப் பதிவேடு வந்தது. அனுமதி கேட்கும் நிலை மாறி, மாணவர் அறிவித்தாலே போதும் என்றானது. ஓராண்டுத் தடை மட்டும் நீடித்தது.

அத்தடையிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஜார்ஜியா அணியில் இருந்த கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஃபீல்ட்ஸை, 2018இல் பார்வையாளர் வரிசையிலிருந்த அதே பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் வீரர் ஒருவர் இனவசைச் சொல்லால் இழிவுபடுத்தினார். அந்த வீரர் அணியிலிருந்து நீக்கப்பட்டார். ஃபீல்ட்ஸ் ஒகையோ ஸ்டேட்டுக்கு மாறினார். வழக்கறிஞர் உதவியோடு விண்ணப்பித்து 2019 பிப்ரவரியில் விலக்கும் பெற்றார். அதே ஆண்டு, அதே ஜார்ஜியா அணியிலிருந்து, நோயுற்ற தாத்தாவுக்கு அருகில் இருக்க வேண்டி இல்லினாய்க்கு மாறிய மற்றொரு மாணவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விலக்கு என்பது மேலே இருப்பவர் இரங்கித் தருவது. தம் காயத்தைத் திறந்து காட்டி, அது போதுமான ஆழமுடையதா என்ற தீர்ப்புக்காக மாணவர் காத்திருக்க வேண்டும். உரிமை உள்ளவர் காரணம் சொல்லத் தேவையில்லை.

விசுவாசம் யாரிடம் எதிர்பார்க்கப்படுகிறது?

மாணவர்கள் அணி மாறினால் விசுவாசம் அழிந்துவிடும் என்பதே தடையை ஆதரித்தோரின் முதன்மையான வாதம். பயிற்சியாளர்களின் பயணத்தைப் பார்ப்போம். நிக் சேபன் எல்.எஸ்.யு.விலிருந்து தொழில்முறை அணியான மியாமி டால்பின்ஸுக்குப் போனார். அங்கிருந்து 2007 ஜனவரியில் அலபாமாவுக்கு வந்தார். 2018இல் அலபாமா அவரோடு செய்துகொண்ட எட்டாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு குறைந்தது 7.44 கோடி டாலர். ஹர்ட்ஸை ஓக்லஹோமாவில் வரவேற்ற பயிற்சியாளர் லிங்கன் ரைலி, 2021 நவம்பரில் அவ்வணியை விட்டுத் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 2025 நவம்பர் இறுதியில், ஓல் மிஸ் அணி தேசியச் சாம்பியன் சுற்றின் வாசலில் நின்ற வேளையில், அதன் பயிற்சியாளர் லேன் கிஃபின் எல்.எஸ்.யு.வுக்குச் சென்றார். இவர்களில் எவரும் ஓராண்டு வீட்டில் அமர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

ஹர்ட்ஸ் அலபாமாவிலும் ஓக்லஹோமாவிலும் ஆடிய நான்கு ஆண்டுகளில் உதவித்தொகையும் அதையொட்டிய செலவுத்தொகையும் தவிர ஊதியம் எதையும் பெற விதி இடந்தரவில்லை. தம் பெயர் பொறித்த சட்டையை விற்றுப் பணம் பெறவும் அன்று தடை. இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளமாக இருந்தது ‘மாணவ விளையாட்டாளர்’ என்ற சொல். 1950களில் கொலராடோவில் ஒரு கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலைக்காயமடைந்து இறந்தார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின்படி அவர் மனைவி கோரிய தொகையை 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்தது. இத்தகைய கோரிக்கைகள் குறித்த அச்சத்தாலேயே அச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததாக, என்.சி.ஏ.ஏ.வின் அன்றைய தலைமை நிர்வாகி வால்டர் பயர்ஸ் 1995இல் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொண்டார். தாம் கட்டியெழுப்பிய அமைப்பைப் பண்ணை அடிமை முறையின் மனநிலையோடு அவரே ஒப்பிட்டார். உழைப்பவருக்குத் தொழிலாளி என்ற பெயர் கிடைக்காதவரை தொழிலாளியின் உரிமையும் கிடைக்காது என்பதை அந்நிர்வாகம் நன்கு அறிந்திருந்தது.

நீதிமன்றத்தில் விழுந்த தடைகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 2021க்குப் பிறகு ஏற்பட்ட மாற்றங்களின் பின்னே வழக்குகள் உள்ளன. 2021 ஜூன் 21 அன்று, ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பை வழங்கியது. கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. விதித்த உச்சவரம்பு, ஏகபோகத்தைத் தடுக்கும் ஷெர்மன் சட்டத்துக்கு முரணானது என்றது. நீதிபதி கவனா தம் தனி உரையில், ஊழியருக்கு நியாயமான ஊதியம் தராமல் இருப்பதே தம் தொழிலின் சிறப்பு என வேறெந்தத் துறையும் வாதிட முடியாது என்ற பொருள்பட எழுதினார். பல மாநிலங்களும் இதற்குள் சட்டம் இயற்றியிருந்தன. 2021 ஜூலை 1 முதல் தம் பெயர், உருவம் ஆகியவற்றைக் கொண்டு மாணவர்கள் வருவாய் ஈட்ட முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், எல்லா விளையாட்டுகளிலும் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்ற விதியும் வந்தது.

இரண்டாம் முறை மாறுவோருக்குத் தடை தொடர்ந்தது. 2023 டிசம்பரில் ஒகையோ உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகின. டிசம்பர் 13 அன்று நீதிபதி ஜான் பிரஸ்டன் பெய்லி அத்தடையை இடைக்காலமாக நிறுத்திவைத்தார். அவ்வாணையில் வழக்கறிஞர்களாகிய நம் கவனத்தை ஈர்க்கும் பகுதி ஒன்று உண்டு. நீதிமன்ற ஆணையின் துணையோடு ஒரு மாணவர் ஆடி, பின்னர் அந்த ஆணை நீக்கப்பட்டால், அவரையும் அவருடைய பல்கலைக்கழகத்தையும் தண்டிக்க என்.சி.ஏ.ஏ. ஒரு விதி வைத்திருந்தது. நீதிமன்றத்தை நாடுவதற்கே அஞ்சவைக்கும் அந்த விதியையும் செயல்படுத்தக் கூடாது என்றார் நீதிபதி. 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித் துறையும் வழக்கில் இணைந்தது. மே மாத இறுதியில் என்.சி.ஏ.ஏ. சமரசத்துக்கு வந்தது. படிப்பில் உரிய தகுதியோடு இருக்கும் மாணவர் இன்று எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி, உடனே ஆடலாம்.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் அளித்தார். 2016 முதல் ஆடியவர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் இழப்பீடு. 2025–26 கல்வியாண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு 2.05 கோடி டாலர்வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்க அனுமதி. ஹர்ட்ஸ் ஊதியமின்றி ஆடிய காலம் முடிந்து ஆறே ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது.

பாதி உரிமை

இம்மாற்றத்தைக் கொண்டாடும் முன் அதன் எல்லைகளையும் பார்க்க வேண்டும். இடமாற்றப் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்ததும், அந்தப் பருவம் முடியும்போது பழைய பல்கலைக்கழகம் உதவித்தொகையை நிறுத்திவிடலாம். புதிய இடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. புகழ்பெற்ற குவார்ட்டர்பேக்குக்கு நான்கு வாசல்கள் திறக்கும். பெயர் அறியப்படாத தடுப்பாட்டக்காரர் இருந்த வாசலையும் இழந்து, படிப்பும் பாதியில் நிற்க வீடு திரும்ப நேரிடும். சிறந்த முகவரும் வழக்கறிஞரும் உள்ளவருக்குச் சந்தை சுதந்திரமாகத் தெரிகிறது. வறிய குடும்பத்திலிருந்து வந்த முதல் தலைமுறை மாணவருக்கு அதே சந்தை சூதாட்டமாகிறது.

வெளியேறும் உரிமையோடு, இருக்கும் இடத்திலேயே நின்று கூட்டாகப் பேரம் பேசும் உரிமையும் இருந்தால்தான் அது முழுமை பெறும். அதை முதலில் கோரியவரும் ஒரு கறுப்பினக் குவார்ட்டர்பேக்கே. 2014 ஜனவரியில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கெய்ன் கோல்ட்டர், தம் அணியினரைத் தொழிற்சங்கமாக அங்கீகரிக்கக் கோரினார். உதவித்தொகை பெறும் வீரர்கள் ஊழியர்களே எனத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தார். 2015 ஆகஸ்டில் மத்திய வாரியம் இவ்விவகாரத்தில் தலையிட மறுத்துக் கோரிக்கையைத் தள்ளியது. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 13–2 என வாக்களித்துச் சங்கம் அமைத்தனர். அரசியல் சூழல் மாறிய நிலையில், சாதகமற்ற தீர்ப்பு வந்துவிடும் என்ற அச்சத்தில் ஆண்டிறுதியில் அக்கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது.

இப்போது காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. 2025 ஜூலையில் அமெரிக்கக் கீழவையில் அறிமுகமான ‘ஸ்கோர்’ சட்ட முன்வரைவு இரண்டு காரியங்களைச் செய்ய முனைகிறது. ஒன்று, ஏகபோகத் தடைச் சட்ட வழக்குகளிலிருந்து என்.சி.ஏ.ஏ.வுக்குப் பாதுகாப்பு அளிப்பது. மற்றொன்று, மாணவ வீரர்கள் ஊழியர்கள் அல்லர் எனச் சட்டத்தாலேயே அறிவிப்பது. மாணவர்கள் வென்றது எந்தச் சட்டத்தால் என்பதையும், அடுத்து அவர்கள் கோரப்போவது எந்தத் தகுதியை என்பதையும் துல்லியமாக அறிந்து வரையப்பட்ட முன்வரைவு இது. வழக்கில் தோற்ற அமைப்பு சட்டமன்றத்தின் வாசலுக்குச் செல்வது நாமும் பலமுறை கண்ட உத்தியே.

அலபாமாவிலேயே இன்னொரு காட்சி. 2024இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், அரசுக் கல்வி நிறுவனங்களில் பன்மைத்துவத்துக்கும் சமத்துவத்துக்குமான அலுவலகங்களைத் தடைசெய்தது. அதையொட்டி அவ்வாண்டு ஆகஸ்டில் அலபாமா பல்கலைக்கழக வளாகத்தில் கறுப்பின மாணவர் சங்கத்தின் அலுவலகம் மூடப்பட்டது. அரங்கை நிரப்பும் ஆட்டத்தைத் தரக் கறுப்பின இளைஞர்கள் வேண்டும். அவர்கள் கூடிப் பேசுவதற்கு ஓர் அறை வேண்டாம். லூசியை வெளியேற்றிய பல்கலைக்கழகம் நெடுந்தூரம் வந்திருக்கிறது, ஐயமில்லை. வந்த தூரம் எவ்வளவு எளிதில் சுருங்கும் என்பதையும் இந்த மூடப்பட்ட அறை காட்டுகிறது.

நாம் கற்க வேண்டியது

ஹர்ட்ஸ் 2020இல் தொழில்முறைத் தேர்வில் 53ஆம் இடத்தில் ஈகிள்ஸ் அணிக்குத் தேர்வானார். 2023 பிப்ரவரியில், இரு அணிகளிலும் கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகள் தொடக்க வீரர்களாகக் களமிறங்கிய முதல் சூப்பர் பவுலில் அவரும் பாட்ரிக் மஹோம்ஸும் எதிரெதிரே நின்றனர். அதில் தோற்ற ஹர்ட்ஸ் இரண்டாண்டுகளில் அதே அணியை வென்றார். இடையில், 2023 ஏப்ரலில் ஐந்தாண்டுகளுக்கு 25.5 கோடி டாலர் ஒப்பந்தம். மே மாதத்தில் ஓக்லஹோமாவில் முதுகலைப் பட்டம். அவரைப் போற்ற நமக்குத் தயக்கமில்லை.

அவரிடமிருந்து கற்க வேண்டியது பொறுமையை மட்டுமே என்றால் அதை நாம் ஏற்கவில்லை. மூன்றாண்டில் பட்டம் முடித்து, விதியிலிருந்த ஒரே வாசலைத் தமதாக்கிக்கொண்ட தெளிவைக் கற்கலாம். அந்த வாசல் எல்லோருக்கும் திறக்கும்வரை வழக்காடிய, சங்கம் அமைக்க முனைந்த, தம் விளையாட்டு வாழ்வையே பணயம் வைத்த பல மாணவர்களின் பெயர்களையும் ஹர்ட்ஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லலாம். தனி ஒருவரின் உயர்வு நமக்கு ஊக்கம் தருகிறது. அவர் உயர்ந்த வழியை விதியாக்குவது வழக்கும் அமைப்பும் செய்ய வேண்டிய வேலை.

போக முடியாதவர் தங்கியிருப்பதை விசுவாசம் என்று யாரும் அழைக்க முடியாது. விலகிச் செல்லும் உரிமை கையில் இருக்கும்போது ஒருவர் தங்கினால் மட்டுமே அது அவருடைய சொந்த முடிவு. 2018இல் அலபாமாவின் மாற்று வீரர் வரிசையில் அமர்ந்திருந்த ஹர்ட்ஸுக்கு அந்த உரிமை முழுமையாக இல்லை. இன்று அங்கே அமர்ந்திருக்கும் இருபது வயது மாணவருக்கு அது உண்டு. ஸ்கோர் சட்ட முன்வரைவு போன்றவை நிறைவேறினால் நாளை அந்த இடத்தில் அமரப்போகும் மாணவர் எதை இழப்பார் என்பதே இப்போது அமெரிக்காவில் நடக்கும் விவாதம். கல்வி நிலையங்களில் படிப்பையும் உழைப்பையும் ஒருங்கே தரும் மாணவர்களின் உரிமை குறித்துச் சிந்திப்போர் அனைவரும் அதை உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்.